ஜன்னல் பக்கக் கன்னம்

ஜூன் 4

பெரியவளுக்கு,

அக்கா என்று எழுத வந்து, பேனாவை நிறுத்தி, இப்படி எழுதியிருக்கிறேன். பதினோரு நிமிடம் முன்னால் பிறந்தவளை ஐம்பத்தோரு வருஷம் அக்கா என்று கூப்பிட்டாயிற்று. போதும்.

என் வண்டிக் கண்டக்டர் உறவுக்காரர் கல்யாணத்துக்காகப் போன வாரம் உன் ஊருக்கு வந்திருந்தார். திரும்பி வந்ததும் தயங்கித் தயங்கி போனை நீட்டினார். "டிரைவரம்மா, இது நீங்கதானே?" உன் அழகு நிலைய வாசல். கதவு உயரத்துக்கு ஒரு பலகை. ஒரு பாதியில் என் முகம், அதன் மேல் 'முன்'. மறு பாதியில் உன் முகம், அதன் மேல் 'பின்'. கீழே, 'எட்டே வாரத்தில்! எங்கள் சொந்தத் தயாரிப்பு இளமைக் கிரீம்.'

எட்டு வாரமா? அது இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய முகம்டி. நாம் இரட்டைப் பிறவி என்பது உன் ஊரில் யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தானே உனக்கு?

அந்தப் போட்டோ எப்போது எடுத்தது என்பதும் மறக்கவில்லை. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்யப் போனோமே, அன்றைக்கு. சமையலறை வெளிச்சத்தில் என்னை நிறுத்தினாய். "முடியை ஒதுக்குடி. சிரிக்காதே. பஸ் ஜன்னல் பக்கம் இருக்கிற கன்னத்தைக் காட்டு. உன் தோலுக்கு என்ன வேணும்னு பார்த்துச் சொல்றேன்" என்றாய். இரண்டு நாள் தூங்காமல் வீங்கிய முகம். அம்மாவுக்குப் பிறகு எனக்காக யோசிக்க இவள் ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாய்.

டிப்போவில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. "முன் வண்டி எடுத்தாச்சா? முன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரரும் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு வேண்டியதை அவரே சமைத்துக்கொண்டார்.

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நீ அழுவாய், நான் "சரி விடு" என்பேன். நமக்குள் எல்லாச் சண்டையும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

28ஆம் தேதி இரண்டாவது கடை திறக்கிறாயாமே. அதற்குள் பலகை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் லீவு போட்டுவிட்டு வந்து அதன் பக்கத்தில் நிற்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். சும்மா நிற்பேன், அவ்வளவுதான்.

சின்னவள்


ஜூன் 9

என் தங்கச்சிக்கு,

நீ எப்படி எழுதினாலும் நான் தங்கச்சி என்றுதான் எழுதுவேன்.

தப்புதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்புதான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் என் போனில் ஏதோ பார்க்கும்போது உன் போட்டோ வந்துவிட்டது. "ஐயோ, இது நீங்களா? முன்னாடி எடுத்ததா? இப்ப எப்படி இருக்கீங்க!" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பக்கத்து நாற்காலிக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை, இல்லை என்று சொல்லாமல் விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகப் பார்க்க வந்தார்கள். தினமும் போனை எடுத்துக் காட்டுவதற்குப் பலகையாகவே வைத்துவிடலாமே என்று கடைப் பெண்கள் சொன்னார்கள். வைத்தேன்.

நீயும் கொஞ்சம் யோசி. உன் தோலுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துச் சொல்லாமலா இருந்தேன்? சன்ஸ்கிரீன் ஆறு டியூப் அனுப்பினேன். அதைக் கண்டக்டருக்குக் கொடுத்தாய், அவர் ஷூவுக்குத் தேய்த்தார். தொப்பி அனுப்பினேன், அது உன் பால்கனியில் செடித் தொட்டிக்கு மூடியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். துணி சோப்பில் முகம் கழுவுகிறாய். காலை ஏழிலிருந்து மூன்று வரை ஒரே கன்னத்தில் வெயில் வாங்குகிறாய். ஒரு பக்கம் நாற்பது வயசு, மறு பக்கம் அறுபத்தைந்து. நான் ஏதாவது சொன்னால் "டிரைவருக்கு எதுக்குடி மினுக்கு" என்பாய்.

28 வரை மட்டும் பொறுத்துக்கொள், தங்கமே. பதினொரு வருஷக் கனவு இந்த இரண்டாவது கடை. பலகையைப் பார்த்துத்தான் ஊரே வருகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிடாதே. 29 காலையில் என் கையாலேயே கழற்றுகிறேன். வேண்டுமானால் அதுவரை உன் கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை ஒட்டட்டுமா?

இன்னொன்று. சும்மாதான் கேட்கிறேன். அந்தப் போட்டோவில் கண்ணுக்குக் கீழே பரு மாதிரி ஒன்று இருக்கிறதே. அது போய்விட்டதா?

அக்கா


ஜூன் 13

பெரியவளுக்கு,

கறுப்புப் பட்டையா? திருட்டுக் கொடுத்தவளுக்கு எதற்கு? திருடினவளுக்கு ஒட்டு.

"இல்லை என்று சொல்லாமல் விட்டேன்." நான் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டு, "போனேன் என்று சொல்ல முடியாது, நிற்காமல் விட்டேன்" என்றால் போலீஸ் ஒப்புக்கொள்வார்களா?

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் என் மூஞ்சி. அதை எடுத்துத் தாராளமாகப் பரிமாறுகிறாய். உன் வாடிக்கையாளர்களையும் சொல்ல வேண்டும். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று? எட்டு வாரத்தில் இருபது வருஷம் கழன்று விழுமா?

இப்போது பருவைப் பற்றி என்ன அக்கறை? அதை அழித்துவிட்டு வேறு பலகை எழுதப் போகிறாயா? இருக்கிறது. போகவில்லை. பொருக்குத் தட்டும், துண்டால் துடைத்தால் பெயர்ந்து கொஞ்சம் ரத்தம் வரும், பத்து நாளில் மறுபடி பொருக்குத் தட்டும். இரண்டு வருஷமாக அதுவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வலி கிடையாது, அரிப்பு கிடையாது. உன்னை மாதிரி நான் கண்ணாடி முன்னால் குடியிருக்கிறவள் இல்லை. ஜூலை 2 அன்று டிப்போவில் வருஷாந்தர மருத்துவச் சோதனை. போன தடவை கொஞ்சம் மேக்கப் தடவி மூடிக்கொண்டு போனேன், டாக்டர் கண்ணில் படவேயில்லை. இந்தத் தடவையும் அப்படித்தான்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். 28 என்றால் 28.

சின்னவள்


ஜூன் 17

சின்னவளே,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றே படித்தேன். ரத்தம் வரும் என்று எழுதியிருந்த இடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். "சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதியது பொய். எழுத வேண்டியதை அன்றைக்கே எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

உன் முதல் கடிதம் வந்த மறுநாள் ஒரு அம்மா புருவம் திருத்திக்கொள்ள வந்தார். தோல் டாக்டராம், எனக்குத் தெரியாது. உள்ளே வராமல் பலகைக்கு முன்னாலேயே ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். பிறகு என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"ஆமா டாக்டர்."

"கண்ணுக்குக் கீழ இருந்த அந்தக் கட்டியை எங்க எடுத்தீங்க? தழும்பே இல்லையே."

பலகை பெரியது இல்லையா, அதனால் எல்லாமே நன்றாகத் தெரிகிறது. ஓரம் முத்து மாதிரி பளபளப்பு, நடுவில் சின்னக் குழி, மேலே ஓடுகிற சிவப்பு நரம்பு. ஒன்றரை வருஷமாகத் தினமும் அதைக் கடந்து போகிறேன், பரு என்றுதான் நினைத்திருந்தேன்.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. "எடுக்கவெல்லாம் இல்ல டாக்டர், நம்ம கிரீம்லயே போயிடுச்சு" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது கிரீம்ல போற விஷயம் இல்லம்மா. பார்த்தா தோல் கேன்சர் மாதிரி இருக்கு. மெதுவாத்தான் வளரும், ஆனா கண்ணுக்கு இவ்வளவு கிட்ட இருந்தா இமையைத் தின்னுடும். இது யாரா இருந்தாலும் உடனே காட்டச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, புருவம் திருத்தாமலே போய்விட்டார். 'யாரா இருந்தாலும்' என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், கடையை நினைத்துத்தான் பயந்தேன். உன்னை நினைக்க இரண்டு நாள் ஆயிற்று, நினைத்த பிறகும் 'சும்மாதான்' என்று எழுதினேன்.

உன் காலில் விழுகிறேன், போய்க் காட்டு. வலி இல்லை என்று விட்டுவிடாதே.

அக்கா


ஜூன் 20

பெரியவளுக்கு,

அபாரம். 28ஆம் தேதி நான் வரக் கூடாது, அதற்கு எனக்குக் கேன்சரே வர வைத்துவிட்டாய்.

ஊருக்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் காட்டியவள் நீ. இதையும் நான் நம்ப வேண்டுமா? நம்ப மாட்டேன். நம்பவில்லை என்று எழுதிவிட்டு நேற்று டிப்போவில் பஸ் கண்ணாடியில் அதைப் பார்த்தேன். முத்து மாதிரிதான் இருக்கிறது. நீ எழுதியதால் அப்படித் தெரிகிறதா, அப்படி இருப்பதால் நீ எழுதினாயா என்று புரியவில்லை. என் அக்காவின் வார்த்தையை வைத்து ஒரு முடிவு எடுக்க முடியாத நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய். முகத்தை எடுத்ததைக் காட்டிலும் அதுதான் பெரிய திருட்டு.

இன்னொன்றும் உனக்குப் புரியாது. கண் பக்கத்தில் ஏதாவது என்றால் டிப்போ டாக்டர் முதலில் செய்கிற காரியம் வண்டியைப் பிடுங்குவது. பிறகு வாசலில் நாற்காலி போட்டு வருகைப் பதிவு எழுத விடுவார்கள். நாற்பது பேரைப் பின்னால் உட்கார வைத்து வளைவில் வண்டியைத் திருப்பும்போது எனக்கு இருக்கிற மரியாதை வேறு எங்கேயும் கிடையாது. அழகு உனக்கு எப்படியோ, ஸ்டியரிங் எனக்கு அப்படி. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அதை அடித்து அழிக்கப் போவதில்லை.

சரி, ஒரு வழி சொல்கிறேன். பலகையைக் கழற்றினேன் என்று எழுதாதே, நாளைக்கு மறுபடி மாட்டிக்கொள்வாய். உன் பொய்யை நம்பின ஒரு ஆளிடமாவது நேரில் போய் உண்மையைச் சொல். சொன்னதை எனக்கு எழுது. நீ சொல்லியிருக்கிறாயா இல்லையா என்பது உன் எழுத்திலேயே எனக்குத் தெரியும். அப்புறம் டாக்டரிடம் போவதைப் பற்றி யோசிக்கிறேன்.

சின்னவள்


ஜூன் 24

சின்னவளே,

சொன்னேன்.

அன்று கடையில் இருந்த ஆறு பேரில் ஒருத்தி பக்கத்துத் தெருத் தையல்காரி. அவள் மூக்கு ஓரத்தில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. "கிரீம்லயே போயிடுச்சு" என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. டாக்டர் மெதுவாகச் சொன்னது விழவில்லை. மறுநாளே இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், கல்லாவில் இருந்த பெண் முந்தாநாள்தான் சொன்னாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். மெஷினை நிறுத்தாமலே "வாங்க மேடம்" என்றாள். டப்பா மெஷின் மேலேயே இருந்தது, பாதி காலி. பதினான்கு நாளாகக் காலையும் மாலையும் தடவியிருக்கிறாள். "கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி இருக்கு, பாருங்க" என்று மூக்கைக் காட்டினாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பலகையில் இருப்பது நான் இல்லை, என் கூடப் பிறந்தவள், அந்தப் புண் இன்னும் அவள் முகத்தில் இருக்கிறது, கிரீம் எதையும் ஆற்றவில்லை. அவள் துணியிலிருந்து ஊசியைத் தூக்கினாள். "வேற எது எதெல்லாம் பொய் மேடம்?" என்று கேட்டாள்.

அதற்கும் பதில் சொன்னேன். அந்த டப்பாவில் இருப்பது ஈரப்பசைக்கான சாதாரணக் களிம்பு, கொஞ்சம் வாசனை. தோல் வறளாமல் இருக்கும், அவ்வளவுதான். என் முகம் இப்படி இருப்பதற்குக் கிரீம் காரணமில்லை. இருபது வருஷமாக நான் வெயிலில் நிற்காமல் கடைக்குள்ளேயே இருக்கிறேன். நெற்றியில் சுருக்கம் தெரியாமல் இருக்க வருஷத்துக்கு இரண்டு தடவை ஊசி போட்டுக்கொள்கிறேன். அதையும் சொல்லிவிட்டேன்டி, கடைப் பெண்களுக்கே தெரியாது அது.

அவளைக் கூட்டிக்கொண்டு நேராக அந்தத் தோல் டாக்டரிடம் போனேன். அவருக்கும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தங்கச்சி என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார். பஸ் டிரைவர் என்றதும் தலையை ஆட்டினார். "கண்ணாடியை மூடி வச்சிருந்தாலும் பக்கத்து ஜன்னல் வழியா வெயில் தோலுக்குள்ள போகும், சுடாது, அதனால தெரியாது" என்றார். உனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இருக்கிறது. அவர் கையெழுத்து, அவர் முத்திரை. என்னை நம்ப வேண்டாம், அதை நம்பு.

பலகையை இன்னும் கழற்றவில்லை. இரண்டு தடவை ஸ்டூலைப் போட்டு ஏறி இறங்கிவிட்டேன். கை வரவில்லை. உனக்கு இனிமேல் பொய் எழுதுவதில்லை என்று இருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

28 அன்று நான் வரவில்லை என்று நிம்மதியாக இருந்திருப்பாய். வரத்தான் கிளம்பினேன். சண்டை போட நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு உன் ஊர் பஸ்சில் ஏறினேன். பயணியாக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. பையில் டாக்டர் சீட்டு. பாதி வழியில் பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அந்த டிரைவர் சின்னப் பையன், வண்டியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவனைத் திட்டிக்கொண்டே இறங்கிவிட்டேன்.

பார்த்தவர் சின்ன வயசு டாக்டர். சீட்டைப் படித்தார், விளக்கைப் பிடித்துப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு வெட்டி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "ரெண்டு வருஷமா ரத்தம் வருதுங்கறீங்க, யாருமே பார்க்கலையா?" என்று கேட்டார். என் அக்கா பெரிதாக்கி மாட்டியிருந்தாள், ஊரே பார்த்தது என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

இன்றைக்கு டிப்போவில் சோதனை. காலையில் மேக்கப் டப்பாவை எடுத்துத் திறந்தும்விட்டேன். உன்னைத் திட்டித் திட்டி எழுதினேனே, மூடி மறைப்பதில் நான் மட்டும் என்ன யோக்கியம் என்று தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, பிளாஸ்திரியோடு அப்படியே போய் நின்றேன். என்ன நடக்கும் என்று நினைத்தேனோ அதுவே நடந்தது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் அழுதுவிட்டார், நான் அழவில்லை.

இப்போதைக்கு வாசல் நாற்காலி.

சின்னவள்


ஜூலை 7

சின்னவளே,

நிம்மதியா? அன்றைக்கு ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நீதான் என்று எழுந்து நின்றேன்.

பலகை 28 காலையில்தான் இறங்கியது. புதுக் கடையிலும் அதே பலகையைப் பெரிதாக மாட்ட ஆள் வந்திருந்தான். ஆணியடிக்கப் போகும்போது "வேண்டாம்" என்றேன். வந்தவர்கள் எல்லோரும் "பலகை எங்க மேடம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். சிலர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒருத்தி டப்பாவைத் திருப்பித் தருவதற்கு வீட்டுக்கே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். நான்கு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புதுக் கடையை விட்டுவிட்டேன். பழைய கடையில் முடி வெட்ட வருகிறார்கள், முகத்துக்கு யாரும் வருவதில்லை. தையல்காரிக்கு வெறும் புண்தானாம், ஆபத்து ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வந்தவள் புருவம் திருத்திக்கொண்டு போனாள்.

இதெல்லாம் இருக்கட்டும். முடிவு வந்துவிட்டதா? வந்ததும் எழுது, இல்லை போனிலாவது ஒரு வார்த்தை சொல். ஆபரேஷன் என்றால் நான் வரட்டுமா? உள்ளே வர மாட்டேன், வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

வந்துவிட்டது. அதேதான். உடம்புக்குள் பரவுகிற ரகம் இல்லை என்கிறார்கள். ஆனால் இமைக்கு ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. வெட்டும்போது ஓரம் சுத்தமாக வராவிட்டால் கீழ் இமையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்குமாம். அப்படி எடுத்தால் கண் சரியாக மூடாது. கண் மூடாத டிரைவருக்கு எந்த டிப்போவிலும் வண்டி தர மாட்டார்கள்.

17ஆம் தேதி. நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அன்றைக்கு அதைத் தாங்க என்னால் முடியாது.

சின்னவள்


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

வேண்டாம் என்று எழுதியும் வந்திருக்கிறாய். என் வீட்டுக்காரர் நேற்றுதான் சொன்னார், நீ சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாம். இரண்டு வாரம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய காரியம்.

காலை எட்டு மணியிலிருந்து தாழ்வாரத்தில் நின்றாயாம். நர்ஸ் வந்து உன்னிடம், "உங்க அம்மா நல்லா இருக்காங்க, கவலைப்படாதீங்க" என்றாளாம். நீ அவளிடம், "அம்மா இல்லம்மா, என் தங்கச்சி. என்னைவிடச் சின்னவ" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி அழுதாயாம். எனக்கு முழிப்பு வருவதற்குள் கிளம்பிவிட்டாயாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அந்த நர்ஸுக்கு உன் பலகையில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இமை தப்பியது. ஓரம் சுத்தம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கன்னத்திலிருந்து காது வரை இழுத்துத் தைத்திருக்கிறார்கள், பதினாறு தையல், பிரித்தாயிற்று. கண் மூடுகிறது. செப்டம்பரில் கண் சோதனை, தேறினால் வண்டி.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. உன் கடை போனதில் ஒரு நாள் சந்தோஷப்பட்டேன், மறுநாள் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

இங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டாக்டர் "காலப்போக்கில பார்க்கலாம்" என்கிறார். நர்ஸ் "தெரியவே தெரியாதுக்கா" என்கிறாள். வீட்டுக்காரர் "இப்பவே தெரியலையே" என்கிறார், கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுகிறார். எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்துகிறார்கள். முகத்தைப் பற்றி இவர்கள் எல்லோரையும்விட உனக்குத்தான் தெரியும். அதனால் உன்னிடம் கேட்கிறேன். இந்தத் தழும்பு போகுமா?

சின்னவள்


ஆகஸ்ட் 7

சின்னவளே,

டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர வேறு எதையும் தடவாதே. யார் எது கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம், என் டப்பாவும் அதில் சேர்த்திதான். தையல் ஆறிய இடம் முழுக்கக் கெட்டியானதும், டாக்டர் சொன்ன பிறகு, விரல் நுனியால் மெதுவாக வட்டமாக அழுத்திவிடு, காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம். இழுக்காதே. வெயிலில் பட்டால் தழும்பு கறுத்துவிடும், அதனால் சன்ஸ்கிரீன் போடாமல் வாசலுக்குக்கூடப் போகாதே. ஒரு தடவை போட்டால் போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு விரல் நீளம் எடுத்து முகம், காது, கழுத்து எல்லா இடத்திலும். துணி சோப்பைத் தூக்கி எறி. நல்லாத் தூங்கு. முதல் ஆறு மாதம் சிவந்துதான் இருக்கும், பயந்துவிடாதே. பிறகு வெளுக்க ஆரம்பிக்கும். ஒரு வருஷத்தில் தட்டையாகும். உன் வண்டி கிடைத்ததும் ஜன்னலுக்கு ஒட்டுகிற தடுப்புத் தாள் இருக்கிறது, அதை டிப்போவில் கேட்டு வாங்கு. புதிதாக முகத்தில் எது வந்தாலும், ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் ஓடிப் போய்க் காட்டு.

பார்த்தாயா, ஒரு பக்கம் எழுதிவிட்டேன். நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்து "போயிடுமா மேடம்?" என்று கேட்டவர்களிடம் இப்படித்தான் பேசியிருக்கிறேன். பேசிப் பேசி, அவர்கள் கேட்டதை அவர்களே மறக்கும்படி செய்துவிடுவேன். எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே போவார்கள்.

போகாதுடி. மங்கும், மெலியும், தள்ளி நிற்பவர்களுக்குத் தெரியாமல் போகும். ஆனால் போகாது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உனக்குத் தெரியும்.

இந்த வார்த்தையை நான் இதுவரை ஒருத்தியிடமும் சொன்னதில்லை. முதல் முதலாக உன்னிடம் சொல்ல வேண்டி வந்ததே என்று அழுதேன். அழுதுவிட்டு, காகிதத்தைக் கிழிக்காமல் தபாலில் போடுகிறேன்.

அக்கா